தென்கோடித் திருச்சபையின் கதை – 4: கோட்டு இல்லாமல் கப்பலேறியவர்

மயிலாடி மகராசன் வேதமாணிக்கத்தைத் தரங்கம்பாடியில் கொண்டுபோய் விட்டுவிட்டுச் சென்ற இதழை முடித்திருந்தோம். சிதம்பரத்துக்கு யாத்திரை புறப்பட்டவர், தஞ்சாவூரில் மிஷனரி கோலாப் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பியதையும், ஊரில் அவர் பட்டதையும் பார்த்தோம். சாம்பவர் குலத்தில் பிறந்தவர் அவர். திருவிதாங்கூரில் அந்தக் குலத்தார் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தத் தூரத்தில் நிற்கலாம் என்பதற்கெல்லாம் கணக்கு இருந்தது. பொறுக்க முடியாமல், சொந்தபந்தங்களை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கமே குடிபெயர்ந்துவிடலாமா என்று கோலாப்பிடம் யோசனை கேட்க வந்தார். கோலாப், "குடியும் குடித்தனமுமாக எல்லாரும் கிளம்பி வருவதைவிட, உங்கள் ஊருக்கு ஒரு பாதிரியார் வருவது மேல் அல்லவா? தரங்கம்பாடியில் ஒருவர் இருக்கிறார், போய்ப் பாருங்கள்" என்கிற அளவில் வழிகாட்டி அனுப்பினார்.

அந்த ஒருவர்தான் வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே. இந்த இதழ் முழுக்க அவர்தான்.

வேதமாணிக்கம் மட்டும் லண்டனில் விசாரித்திருந்தால், இந்த மனிதரை நம்பியிருக்க மாட்டார். ஏனென்றால் ரிங்கல்தௌபே ஏற்கெனவே ஒருமுறை இந்தியாவை விட்டு ஓடியவர். 1797-ல் எஸ்.பி.சி.கே. என்கிற ஆங்கிலேயக் கிறிஸ்தவச் சங்கம் அவரைச் செலவு செய்து கல்கத்தாவுக்கு அனுப்பியது. 1799-ல் அவர் திரும்பக் கப்பலேறிவிட்டார். கல்கத்தாவில் அவருக்கு வாய்த்த வேலை பெரும்பாலும் ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக இருந்த நகரவாசிகளுக்கு ஆராதனை நடத்துவது. மூங்கில் நிழலும் பங்களாவும் உள்ள அந்த ஊரில் ஒரு பாதிரியார் கௌரவமாகக் காலம் தள்ளலாம். அவருக்கு அது ஒட்டவில்லை. அனுப்பிய சங்கத்தாருக்கு வருத்தம், கோபம். அவர்கள் தரப்பில் நியாயமும் இருந்தது. ஆள் அனுப்புவது என்பது அந்தக் காலத்தில் சின்னச் செலவா?

இவர் பிறந்தது 1770 ஆகஸ்டில், பிரஷ்ய ஆட்சியில் இருந்த சைலீசியாவில். அப்பா லுத்தரன் போதகர். வீட்டுக்கு மூத்த பிள்ளை. ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தார். ஹாலே என்றால் தமிழ்நாட்டுக்கு அந்நியமான பெயர் இல்லை. சீகன்பால்கு படித்த ஊர் அது. பிராங்கே என்கிற பேராசிரியர் அனாதை இல்லமும் பள்ளிகளும் அச்சகமும் வைத்து வளர்த்தெடுத்த பக்தி இயக்கத்தின் தலைநகரம். வேதத்தை மூளையால் கற்றால் போதாது, வாழ்க்கை மாற வேண்டும் என்பது அங்கே பாடம். இதோடு மொரேவியர் தொடர்பும் ரிங்கல்தௌபேக்கு இருந்தது. ஹெர்ன்ஹூட் என்கிற சிற்றூரிலிருந்து தச்சர்களும் குயவர்களும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிரீன்லாந்துக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் நற்செய்தி சொல்லப் போன கூட்டம் மொரேவியர்கள். போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. திரும்பி வருவதற்கு அவர்கள் ஏற்பாடு செய்துகொள்ளவும் இல்லை. கல்கத்தாவிலிருந்து திரும்பிய ரிங்கல்தௌபே சில ஆண்டுகள் இந்த மொரேவியர்களை ஒட்டித்தான் இருந்தார்.

1803-ல் லண்டன் மிஷனரி சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1795-ல் தொடங்கிய புதிய சங்கம் அது. எந்தச் சபைப் பிரிவையும் சாராமல், சுவிசேஷம் மட்டும் போதும் என்று சொன்ன சங்கம். கிழக்கிந்தியக் கம்பெனியோ அப்போது மிஷனரிகளைத் தன் கப்பலில் ஏற்றிக்கொள்ளாது. மதம் பேசினால் வியாபாரம் கெடும் என்று பயம். 1813-ல் பாராளுமன்றம் பட்டயத்தைப் புதுப்பித்தபோதுதான் அந்தக் கதவு திறந்தது. ஆகவே 1804-ல் ரிங்கல்தௌபேயும், தெ கிராஞ்ச், கிரான் என்கிற இருவரும் கோப்பன்ஹேகன் போய் டேனிஷ் கப்பல் பிடித்து, டேனிஷ் கொடி பறந்த தரங்கம்பாடியில் அந்த ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் இறங்கினார்கள். மற்ற இருவரும் தெலுங்கு பேசும் விசாகப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்துப் போனார்கள். 1809-லும் 1810-லும் அங்கேயே மாண்டார்கள். ரிங்கல்தௌபே தரங்கம்பாடியில் தங்கித் தமிழ் கற்றார். அங்கேதான் வேதமாணிக்கம் வந்து நின்றார்.

1806-ல் அவர் தெற்கே புறப்பட்டார். கணக்குப் பிரியர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தது 1606. சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706. ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருவிதாங்கூர் மண்ணை மிதித்தது 1806 ஏப்ரல் 25. இதில் ஏதோ மர்மம் இருப்பதாக நான் சொல்லவரவில்லை. ஆனால் மூன்று பேரையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. நோபிலி கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி கட்டினார், மரக்கறி உண்டார். அது யோசித்து எடுத்த முடிவு. மதுரையில் உயர்குலத்தார் ஒரு துறவியின் பேச்சைத்தான் கேட்பார்கள் என்று கணித்து எடுத்த முடிவு. ரிங்கல்தௌபேயும் பின்னாளில் நாட்டுத் துணிதான் உடுத்தினார். அதில் கணிப்பு எதுவும் கிடையாது. வேறு துணி வாங்கக் கையில் காசு இருப்பதில்லை, அவ்வளவுதான்.

கணவாய்க்கு வருவோம். ஆரல்வாய்மொழியில் காற்று எப்படி அடிக்கும் என்பது அந்தப் பக்கத்தார்க்குத் தெரியும். ஒருபுறம் வறண்ட பாண்டிச்சீமை, தாண்டினால் குளமும் வயலும் பனையும் தென்னையுமான நாஞ்சில் நாடு. கணவாயைத் தாண்டிச் சிறிது தூரத்தில் மயிலாடி. இன்று கல்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். வேதமாணிக்கம் சொன்ன பேச்சை வைத்து, வேதவசனம் கேட்க நூற்றுக்கணக்கில் ஜனங்கள் ஆவலாகக் காத்திருப்பார்கள் என்று இந்தப் பாதிரியார் எதிர்பார்த்து வந்திருக்கிறார். வந்து பார்த்தால் சில குடும்பங்கள். அவர்களையும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசுவதே பெரும்பாடாக இருந்தது. இந்த ஏமாற்றத்தை அவரே எழுதிவைத்திருக்கிறார். மிஷனரிகள் தாய்நாட்டுக்கு எழுதும் அறிக்கைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். நன்கொடை தருகிறவர்கள் படிக்கப்போகும் கடிதத்தில் யாரும் கூட்டத்தைக் குறைத்துச் சொல்வதில்லை. இவர் குறைத்துத்தான் சொன்னார். கடைசிவரை அப்படித்தான்.

திருவிதாங்கூரில் ஓர் ஐரோப்பியப் பாதிரியார் கோயில் கட்ட வேண்டுமென்றால் அரசாங்க அனுமதி வேண்டும். பிரிட்டிஷ் ரெசிடெண்டு கர்னல் காலின் மெக்காலே உதவ முன்வந்தார். (இந்தியாவுக்கு ஆங்கிலக் கல்வி பற்றி எழுதிப் பேர்வாங்கிய மெக்காலேக்குப் பெரியப்பா முறை இவர்.) ஆனால் அன்றைய திவான் வேலுத்தம்பியிடம் காரியம் நடக்கவில்லை. ரெசிடெண்டுக்கும் திவானுக்கும் இடையே கப்பப் பாக்கி விவகாரம் முற்றிக்கொண்டிருந்த நேரம். 1808 டிசம்பரில் வேலுத்தம்பியின் ஆட்கள் கொச்சியில் மெக்காலேயின் மாளிகையையே தாக்கினார்கள். மெக்காலே தப்பித்தார். 1809 பிப்ரவரியில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்து உள்ளே வந்தது. வேலுத்தம்பி மண்ணடியில் உயிர்விட்டார். அந்த வீரக் கதைக்கு வேறு தொடர் வேண்டும். நம் கதைக்கு வேண்டியது, கிளர்ச்சிக் காலத்தில் மயிலாடிக் கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரனின் ஆட்கள் என்று பெயர்பட்டார்கள், பயந்து ஒளிந்தார்கள் என்பது.

இந்த மூன்று ஆண்டுகளும் ரிங்கல்தௌபே சும்மா இருக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கம் எஸ்.பி.சி.கே. சபைகள் மேய்ப்பனில்லாமல் கிடந்தன. பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் கட்டிய கோயில் 1785 முதல் இருந்தது. 1799-ல் முதலூர் என்கிற கிறிஸ்தவக் குடியிருப்பு உண்டாகியிருந்தது. 1802-ல் கெரிக்கே ஐயர் வந்து ஊர் ஊராக ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போனார், 1803-ல் இறந்தும் போனார். அந்தச் சபைகளையெல்லாம் ரிங்கல்தௌபே குதிரையேறிச் சுற்றிப் பார்த்துக்கொண்டார். தன்னைக் கைவிட்டு ஓடியவர் என்று எந்தச் சங்கம் வருந்தியதோ, அந்தச் சங்கத்தின் மந்தையைத்தான் அவர் அங்கே மேய்த்தார்.

கலகம் ஓய்ந்தபின் புதிய திவான் உம்மிணித்தம்பி காலத்தில், மெக்காலேயின் சிபாரிசில், அனுமதி கிடைத்தது. 1809 மே மாதம் மயிலாடிக் கோயிலுக்கு அடிக்கல். செப்டம்பரில் திறப்பு. நாலு மாத வேலை என்றால் கோயிலின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். அதே ஆண்டு மயிலாடியில் ஒரு பள்ளியும் தொடங்கியது. பின்னாளில் நாகர்கோவிலுக்கு மாறி, வளர்ந்து, ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி என்று இன்று நிற்பது அந்தப் பள்ளியின் வழித்தோன்றல்தான். அடுத்த சில ஆண்டுகளில் பிச்சைக்குடியிருப்பு, தாமரைக்குளம், ஆத்திக்காடு, கோயில்விளை, அனந்தநாடார்குடியிருப்பு, ஈத்தாமொழி ஆகிய இடங்களிலும் சிறு கோயில்கள் எழும்பின. ஓலைக்கூரையும் மண்சுவருமான கோயில்கள். ஒவ்வொன்றையும் ஒட்டி எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு திண்ணை. உபதேசியார்களுக்கும் வாத்தியார்களுக்கும் சம்பளம் எங்கிருந்து வரும்? சங்கம் பாதிரியாருக்கு அனுப்பும் படியிலிருந்துதான். பணம் வந்த வேகத்தில் கரைந்துவிடும். பசித்து வருகிறவனுக்கு, காய்ச்சலில் கிடக்கிறவனுக்கு, பள்ளிக்கு ஓலை வாங்க என்று போய்விடும். மிஞ்சினால்தானே அவருக்கு.

சில காலம் உதயகிரிக் கோட்டைக்குள் தங்கினார். பிறகு மயிலாடியில் ஒரு சின்ன வீடு, ஊரார் குடியிருக்கும் வீடு மாதிரியே. உள்ளே சாமான் என்று சொல்ல ஒன்றிரண்டு. உண்பது அவ்வூர்ச் சாப்பாடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருடத்தில் எப்போதாவது பாளையங்கோட்டைக்குப் போவார். அங்கே அவரைக் கண்ட ஆங்கிலேயர்கள் திகைத்துப்போய் எழுதியிருக்கிறார்கள். உடம்பில் கிடக்கும் துணியில் சீமைத்துணி அநேகமாக எதுவுமில்லை, கோட்டு என்று ஒன்று இருந்தால் அது அவருடைய நிலைமையைப் பார்த்துச் சினேகிதர் யாரோ மாட்டிவிட்டதாகத்தான் இருக்கும், அடுத்தமுறை வரும்போது அதுவும் இருக்காது என்கிற அர்த்தத்தில் எழுதியிருக்கிறார்கள். 1810-களின் கம்பெனி சமுதாயத்தில் கோட்டு என்பது வெறும் உடையா? சித்திரை வெயிலில் வியர்த்து வடிந்தாலும் கழற்ற முடியாத அந்தஸ்து அது. வெள்ளைக்காரர் ஒருவர் கோட்டில்லாமல் நடமாடினால் இனத்துக்கே அவமானம் என்று நினைத்தவர்கள் பாளையங்கோட்டையில் இருந்திருப்பார்கள். இவருக்கு அதைப் பற்றி நினைக்க நேரமில்லை.

ஆனால் ஒன்று. இப்படிப்பட்டவரை நாம் உடனே சாந்தசொரூபியாக, எப்போதும் புன்னகைக்கும் மகானாக வரைந்துகொள்கிறோம். சபைகளில் ஆண்டுவிழா நாட்களில் கேட்கும் பிரசங்கங்கள் அப்படித்தான் வரைகின்றன. கடிதங்களில் தெரிகிற ரிங்கல்தௌபே வேறு. முன்கோபி. கிண்டல்காரர். தனிமை அவரை அரித்தது. ஈரல் நோய் வேறு. தன் ஊழியத்தைப் பற்றியே நக்கலாக எழுதுவார், கிறிஸ்தவராக விரும்பி வந்தவர்களைப் பற்றி அதைவிடக் கடுமையாக எழுதுவார்.

அந்தக் கடுமைக்குக் காரணம் உண்டு. திருவிதாங்கூரில் நாடார், சாம்பவர் முதலான குடிகளுக்குத் தலைவரி இருந்தது. கூலியில்லாமல் அரசாங்கத்துக்கும் கோயிலுக்கும் செய்ய வேண்டிய ஊழியம் இருந்தது. பெண்கள் மார்மறைத்து உடுத்தக்கூடாது என்கிற கட்டளை இருந்தது. ரெசிடெண்டிடம் பேசக்கூடிய ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் ஊருக்குள் வந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ஐயரோடு சேர்ந்தால் வரி போகும், வேலையாள் தொல்லை போகும், நிலத்தகராறில் ஒரு கடிதம் கிடைக்கும் என்று நினைத்தார்கள். அப்படி நினைத்ததில் குற்றம் காண நான் தயாரில்லை. முதுகில் அடி விழுகிறவன் முதலில் தேடுவது அடியை நிறுத்தும் கையைத்தான். ரிங்கல்தௌபே இதைப் புரியாதவர் அல்ல. அவர்களுடைய வரிச்சுமையைப் பற்றி மேலிடத்தில் பேசியும் இருக்கிறார். ஆனால் அந்தக் காரணத்துக்காக மட்டும் ஒருவர் ஞானஸ்நானம் கேட்டால் கொடுக்க மறுத்தார். "காத்திரு, படி, பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பினார். உலக லாபத்தை எதிர்பார்த்து வருகிறவர்களே அதிகம் என்று சங்கத்துக்கு ஒளிக்காமல் எழுதினார். வழக்கு வியாச்சியங்களில் தலையிடமாட்டேன் என்று சபையாரிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

இதனால் சபை மெதுவாகத்தான் வளர்ந்தது. பத்தாண்டு உழைப்பின் முடிவில் அவரோடு இருந்தவர்கள் சில நூறு பேர். கெரிக்கே ஒரு சுற்றுப்பயணத்தில் ஆயிரங்களைச் சேர்த்த மாவட்டத்துக்குப் பக்கத்து நாட்டில் இது எடுபடாத கணக்கு. அவர் விரும்பியிருந்தால் எண்ணிக்கையைப் பல மடங்காக்கியிருக்கலாம். ரெசிடெண்டு தயவு இருந்தது, ஜனங்களுக்குத் தேவையும் இருந்தது. செய்யவில்லை.

என் எண்ணத்தில், கோட்டை விட்டதைவிட இதுதான் பெரிய துறவு. துணியையும் சாப்பாட்டையும் விடுவது ஓரளவுக்கு எளிது. விட்டதைப் பார்த்து நாலு பேர் வியப்பார்கள், அந்த வியப்பே ஒரு கூலி. பலன் கிடைக்கும் என்கிற ஆசையை விடுவது அப்படியில்லை. அதற்கு யாரும் கைதட்டமாட்டார்கள். லண்டனில் அறிக்கையைப் படிப்பவர், "பத்து வருடமாக என்ன செய்கிறார் இந்த மனிதர்?" என்றுதான் கேட்பார். ஒரு மிஷனரியின் சுகபோகம் பங்களாவில் மட்டும் இல்லை, வெற்றிச் செய்தியிலும் இருக்கிறது. இரண்டையுமே அவர் தன் பக்கத்தில் சேர்க்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. அவருடைய கண்டிப்பில் ஓர் ஐரோப்பியனின் சந்தேகக்கண்ணும் கலந்திருந்தது. உள்ளம் வேறு, வயிறு வேறு என்று பிரித்துப் பார்க்க ஹாலேயில் படித்தவரால் முடியும். தலைவரி கட்ட முடியாமல் அடிவாங்குகிறவனுக்கு விடுதலை என்பது ஒன்றே, அதில் ஆத்துமா எது, உடல் எது என்று பிரித்துக்காட்ட அவனால் முடியாது. வேதமாணிக்கமே இரண்டையும் பிரிக்காமல்தான் அவரைத் தேடி வந்தார். தஞ்சாவூருக்குக் குடிபெயர நினைத்தவர், நம்பிக்கைக்காகவும் நினைத்தார், அடிக்குப் பயந்தும் நினைத்தார். அப்படி வந்தவரை ரிங்கல்தௌபே திருப்பி அனுப்பவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கடிதத்தில் இருந்த கடுமை ஆளைப் பார்த்தபோது எவ்வளவு நின்றது என்பது அவரவர் யோசிக்க வேண்டியது. கையில் பணம் தங்காத மனிதர் அவர் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

வேதமாணிக்கத்துக்கும் இவருக்கும் இருந்த உறவு தனி. அவர்தான் முதல் உபதேசியார். ஐயர் ஊரில் இல்லாதபோது ஆராதனை, சண்டை தீர்ப்பது, சுகவீனர்களைப் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய மருமகன் சிவகுருநாதன், மாசிலாமணி என்று பெயர்பெற்று, அவரோடு நின்றார். சபையில் நாடார்கள் பெருகிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேலே ஒரு சாம்பவர் தலைமை என்பது அந்த நாட்டில், அந்த ஆண்டுகளில், சாதாரண விஷயமில்லை. ரிங்கல்தௌபே இதில் வளைந்துகொடுக்கவில்லை.

1810-ல் ரெசிடெண்டாக வந்த கர்னல் ஜான் மன்றோ அடுத்த ஆண்டு திவான் பொறுப்பையும் சேர்த்து ஏற்றார். மிஷன் வேலைக்கு இவ்வளவு சாதகமான ஆள் அதற்கு முன்பு அந்தப் பதவியில் இருந்ததில்லை. வேறொருவராக இருந்தால் இதுதான் சமயமென்று நிலமும் கட்டடமும் கேட்டு வாங்கி உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில்தான் ரிங்கல்தௌபேயின் உடம்பு படுத்தத் தொடங்கியது. ஈரல் வியாதி முற்றியது. சங்கத்திடம் மாற்று ஆள் கேட்டார். ஆள் வரவில்லை.

1816 ஜனவரியில் மயிலாடிக் கோயிலில் சபையாரைக் கூட்டினார். எல்லாச் சபைகளின் பொறுப்பையும் அவர்கள் முன்னிலையில் வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். ஐரோப்பியப் பாதிரியார் இல்லாத இடைவெளியை நிரப்ப ஒரு தற்காலிக ஏற்பாடு என்று இதைச் சிலர் எழுதுவார்கள். இருக்கலாம். வேறு வெள்ளைக்காரர் வரும்வரை திருநெல்வேலியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ ஒருவரை மேற்பார்வைக்கு வைத்துவிட்டுப் போயிருக்கலாமே! வைக்கவில்லை. சாலையில் ஒதுங்கி நிற்க வேண்டிய குலத்தில் பிறந்தவர் ஏழு கோயில்களுக்குத் தலைவரானார். இரண்டு ஆண்டுகள் அவர்தான் நடத்தினார். சபை கலையவில்லை.

ரிங்கல்தௌபேக்கு அப்போது வயது நாற்பத்தைந்து. சென்னைக்குப் போனார். அங்கே அவரைச் சந்தித்த சக ஊழியர்கள் கண்ட காட்சிதான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு. தலையில் உள்ளூரில் பின்னிய ஓலைத் தொப்பி. மேலே கோட்டு இல்லை. கடற்பயணம் போகப்போகிறேன் என்கிறார், பெட்டி படுக்கை என்று பெரிதாக எதுவும் இல்லை. பத்தாண்டுச் சம்பளத்தில் ஒரு கோட்டு மிஞ்சவில்லை. இலங்கைக்குப் போனார். கொழும்பிலிருந்து கிழக்கே, மலாக்கா இருந்த திக்கில் போனார். அதன்பிறகு மயிலாடியில் அவரைக் கண்டவர் இல்லை. கடலில் இறந்தார் என்றும் தீவுகளில் எங்கோ இறந்தார் என்றும் வெவ்வேறாகச் சொல்கிறார்கள். இன்ன இடம் என்று காட்ட ஒரு கல்லறை இல்லை. மயிலாடியில் அவர் பெயரையும் வேதமாணிக்கத்தின் பெயரையும் சேர்த்துத் தாங்கிய ஆலயம் இருக்கிறது. இரண்டு பெயரும் ஒன்றாகப் பொறிக்கப்பட்டது சரிதான்.

இனி, அவர் கேட்டு வராத அந்த மாற்று ஆள். பெயர் சார்ல்ஸ் மீட். 1818-ல் வந்து சேர்ந்தார். வரும் வழியிலேயே பினாங்கில் மனைவியைப் பறிகொடுத்தவர். நாகர்கோவிலில் தங்குவதற்கு அரசாங்கமே பங்களா கொடுத்தது. பள்ளிக்கூடச் செலவுக்கு வயல் வாங்கத் திருவிதாங்கூர் ராணி பணம் கொடுத்தார். 1819 புத்தாண்டு நாளில் நாகர்கோவிலில் பெரிய ஆலயத்துக்கு அடிக்கல் விழுந்தது. அடுத்த ஆண்டு அச்சுக்கூடம் வந்தது, அதற்கடுத்த ஆண்டு மிஷனரி மால்ட்டின் மனைவியார் நடத்திய பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னும் வேலை. மண்சுவர்க் கோயில்களில் உட்கார்ந்திருந்த சபைக்கு முதுகெலும்பு கிடைத்தது என்று இதைச் சொல்வோரோடு எனக்குச் சண்டை இல்லை. அச்சுக்கூடம் இல்லாமல், அடிமைப்பெண்கள் கூலி சம்பாதித்துத் தங்களை மீட்டுக்கொண்ட அந்த லேஸ் வேலை இல்லாமல், குமரி மாவட்டத்தின் பிற்கால வரலாறே வேறாக இருந்திருக்கும். வெறுங்கையோடு திரிந்த ரிங்கல்தௌபேயால் இதில் ஒன்றையும் செய்திருக்க முடியாது.

மீட் வந்த சில மாதங்களுக்குள் இன்னொன்றும் நடந்தது. மன்றோவின் யோசனைப்படி அரசாங்கம் அவரை நாகர்கோவிலில் நீதிபதியாக நியமித்தது. வழக்குகளில் தலையிடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவரின் இடத்தில் வந்தவர், நீதிமன்ற நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அந்த ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் சபையில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய மூவாயிரம் பேர். லண்டனில் எழுந்த முணுமுணுப்பையும், மீட் அந்த நாற்காலியை விட்டு இறங்க நேர்ந்ததையும், அதற்குள் மயிலாடியில் வேதமாணிக்கத்தின் நிலை என்னவாயிற்று என்பதையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)